நடுவுல உக்காந்த அக்காவுக்கும் மேல்வீட்டு ஆண்டிக்கும் நன்றி

நம்ம அடுக்குமாடி புளோக்ல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஒழுகலுக்காக மேல்வீட்டு ஆண்டிகிட்ட நான் போட்ட சத்தம் உங்க எல்லார் வீட்டுக்கும் கேட்டுருக்கும், அதனால நன்றியையும் எல்லாருக்கும் தெரியிற மாதிரியே சொல்லணும்னு தோணுச்சு.

ஆறு மாசமா எங்க ஹால் சீலிங்ல ஒழுகல். மேல்வீட்டு பாத்ரூம் தண்ணி எங்கயோ இறங்கி ஓரமா ஓடி வந்து நேரா சாமி மேடை மேல சொட்டும், அங்கதான் அப்பா போட்டோ வச்சிருந்தோம், அது ஒரு பக்கம் ஊறி முகமே மங்கிப் போச்சு. அப்பாவோட பெரிய போட்டோன்னு எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான். மேல போய் தட்டுனா ஆண்டி கிரில்லைத் திறக்காம "தா போலே, தா போலே"ன்னு (மலாய்ல முடியாதுன்னு) சொல்லிட்டு கதவை சாத்திடுவாங்க. நாலு தடவை இப்படியே. அஞ்சாவது தடவை நான் கிரில்லைப் புடிச்சு உலுக்கி வயசுல பெரியவங்கன்னும் பாக்காம பேசக்கூடாததெல்லாம் பேசிட்டேன். ஆண்டி, அதுக்கு உங்ககிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டாச்சு, இங்கயும் கேட்டுக்கிறேன்.

புளோக் மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல இருக்கிற தம்பிக்கு முதல் நன்றி. மலேசியாவுல அடுக்குமாடி வீடுகளுக்கான 2015 ஸ்ட்ராட்டா ரெகுலேஷன்படி ஒழுகல்னு நோட்டீஸ் கொடுத்தா 7 நாளுக்குள்ள மேனேஜ்மென்ட் வந்து பாக்கணும், பாத்து முடிச்ச 5 நாள்ல எங்கிருந்து வருதுன்னு சர்டிபிகேட் கொடுக்கணும், வேற காரணம்னு நிரூபிக்கிற வரைக்கும் மேல்வீட்டுல இருந்துதான் வருதுன்னு எடுத்துக்குவாங்க. இதெல்லாம் அவர்தான் பொறுமையா விளக்குனாரு. நான் அதைக் கையில கத்தி மாதிரி புடிச்சிக்கிட்டேன், சட்டம் என் பக்கம், இந்த மாதிரி வழக்கை விசாரிக்கிற டிரிபியூனலுக்குப் போறேன்னு குதிச்சேன். போயிருந்தா ஜெயிச்சிருக்கலாம், ஆனா வருஷக்கணக்கா ஒரே லிஃப்ட்ல போகணுமே. அவர்தான் "அண்ணே, அதுக்கு முன்னாடி நம்ம ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்துக்காரங்க குழு) அக்காகிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்க"ன்னாரு. 1975ல ராத்திரி ரோந்துக்குன்னு ஆரம்பிச்சது ருக்குன் தெத்தாங்கா, 2012 சட்டத்துக்கப்புறம் அக்கம்பக்கத்து சண்டையை சமாதானம் பண்றதும் அவங்க வேலைன்னு எனக்கு அப்பதான் தெரியும்.

அக்கா, உங்களைப் பத்திதான் நிறைய சொல்லணும். பஞ்சாயத்து மாதிரி யார் தப்புன்னு தீர்ப்பு சொல்லுவீங்கன்னு நெனச்சு போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்துட்டு வந்தேன். நீங்க வந்த உடனே நாற்காலியைத்தான் மாத்துனீங்க. எங்க ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார விடாம மேசையோட ஒரே பக்கத்துல, பக்கத்து பக்கத்துல உக்கார வச்சு, சீலிங் போட்டோவை நடுவுல போட்டீங்க. ஒருத்தரை ஒருத்தர் முறைக்க முடியல, ரெண்டு பேரும் அந்த ஈரத்தைத்தான் பாத்துட்டு இருந்தோம்.

அப்புறம் ஆண்டி ஹொக்கியன் சீனத்துல பேசப் பேச நீங்க தமிழ்ல சொன்னீங்க. நான் பாய்ஞ்சு பதில் சொல்ல வந்தப்ப, "தம்பி, உங்க பதிலை அப்புறம் கேக்குறேன், அவங்க என்ன சொன்னாங்கன்னு முதல்ல நீங்க எனக்கு சொல்லுங்க"ன்னீங்க. சொன்னேன். அதை ஆண்டிகிட்ட திருப்பி சொன்னீங்க, அவங்க தலையை ஆட்டி இல்லன்னாங்க. மறுபடி சொன்னேன், மறுபடியும் இல்ல. மூணாவது தடவைதான் ஆண்டி ஆமான்னாங்க, சொல்லிட்டு அழுதுட்டாங்க. அந்த நிமிஷம் நீங்க ஒரு வார்த்தை பேசல, டிஷ்யூவை மட்டும் நகர்த்தி வச்சீங்க. அவ்ளோ நேரம் சும்மா இருக்க என்னால முடியாது அக்கா.

அதுக்கப்புறம் ஆண்டியை மட்டும் தனியா கூட்டிட்டுப் போய் பேசுனீங்க, அவங்க சரின்னு சொன்னதை மட்டும் வந்து சொன்னீங்க. அங்கிளுக்கு ஸ்ட்ரோக் வந்து படுக்கையில இருக்காரு, வீட்ல இருக்கிறது ஒரே பாத்ரூம், தரையை உடைச்சா நாலஞ்சு நாளைக்கு அவரை எங்க கொண்டு போறது. அதுதான் அந்த "தா போலே". (இதை எழுதலாம்னு ஆண்டியே சொன்னாங்க.) நான் ஆறு மாசமா கதவைத் திறன்னு மட்டும்தான் கேட்டேன், ஏன் திறக்க மாட்டேங்கிறீங்கன்னு ஒரு தடவைகூட கேக்கல. இதைத் தெரிஞ்சுக்கிட்டதும் வழி வேகமா வந்துடுச்சு: கமோட் நாற்காலி ஏற்பாடு பண்ணி, ஆண்டி எங்க வீட்டு பாத்ரூமை யூஸ் பண்ணி, வேலையை ஸ்கூல் லீவுல வச்சுக்கிட்டோம். தரை வாட்டர்புரூஃபிங் அவங்க செலவு, சீலிங் பெயின்ட் எங்க செலவு, ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து.

பிறகு தே ஓ (பால் இல்லாத டீ) குடிக்கும்போது எப்படிக்கா பதறாம இருக்கீங்கன்னு கேட்டேன். காலை தரையில நல்லா ஊனிக்குவேன், மூச்சை இழுக்கிறதை விட விடுறதை நீளமா விடுவேன், எதிர்ல சத்தம் ஏற ஏற என் குரலை இறக்குவேன், கோவத்துல வர்ற முதல் வார்த்தைக்குப் பதிலே சொல்ல மாட்டேன்னீங்க. நான் கத்துனப்ப நீங்க மெதுவா பேசுனது எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது, உங்க பேச்சு கேக்கணும்னே நான் வாயை மூட வேண்டியதாச்சு. இப்ப வீட்ல பிள்ளைங்ககிட்ட அதை முயற்சி பண்றேன், சில நாள் வருது, சில நாள் வரல.

தரையை உடைச்சு பூசி, பாத்ரூம் முழுக்க தண்ணி தேக்கி 24 மணி நேரம் டெஸ்ட் பண்ண ரிப்பேர் அண்ணனுக்கும் நன்றி, ராத்திரி ரெண்டு தடவை வந்து எங்க சீலிங்கைத் தொட்டுப் பாத்தாரு. என்னைக் கையைப் புடிச்சு கீழ இழுத்துட்டு வந்த என் மனைவிக்கு, அன்னைக்கு நீ வரலன்னா போலீஸ்ல போய் நின்னிருப்பேன்.

பெயின்ட் காய்ஞ்சிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி மேடையைத் திரும்ப வச்சு அப்பாவுக்குப் படைக்கிறோம். சைவ சாப்பாடுதான். ஆண்டி வர்றேன்னுட்டாங்க, அங்கிளுக்கு நானே மேல கொண்டு போய் கொடுக்கிறேன். அக்கா, நீங்க கண்டிப்பா வரணும்.