கருப்பட்டிக் காப்பியும் இரண்டு விளக்குகளும்

லண்டன்
30 நவம்பர் 2025

அன்பு மக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணனுக்கு ராத்திரியில் வலி கூடிவிடுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

இங்கே பெரிதாகச் செய்தி ஒன்றும் இல்லை. மகளுக்கு மான்செஸ்டரில் வேலை மாற்றம். என் முழங்கால் பழையபடிதான். இன்று திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, கோவிலில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். என் மனைவி இல்லாமல் வரும் இரண்டாவது கிறிஸ்துமஸ். நட்சத்திரம் இன்னும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மகள் வந்ததும் சேர்ந்து கட்டலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவளைக் கடைசியில் ஹாஸ்பிஸில், அதாவது நோய் முற்றியவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில், சேர்த்ததைப் பற்றி. "ஹாஸ்பிஸ்னா சாகக் கொண்டுபோய் விடுற இடம்தானே, உன் மனசு எப்படி ஒத்துக்கிச்சு?" என்று கேட்டிருக்கிறாய். நம் ஊரில் எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்ததை நீ ஒருவன்தான் வாய்விட்டுக் கேட்டாய். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது, பெற்ற தாயைத் தெருவில் விட்டவன் போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். வலி வரும், அவள் மணியடிப்பாள், ஆள் வருவார், மருந்து வரும், அது பிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஹாஸ்பிஸில் வலி வரும்வரை காத்திருக்கவில்லை. வருவதற்கு முன்பே மணி தவறாமல் மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மதியம் அவள் முகச்சுருக்கம் தளர்ந்து, "தலையை வாரி விடுங்க" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் காரியம் அதுதான்.

பதினோரு நாள் இருந்தாள். கடைசி நான்கு நாளும் விழுங்க முடியவில்லை. வாய் காய்ந்துவிடாமல் இருக்க, குச்சியின் நுனியில் சின்னப் பஞ்சு வைத்த ஒன்றால் உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துவார்கள். ஒரு நர்ஸ் என்னிடம், "வெறும் தண்ணீர் எதற்கு, அவருக்குப் பிடித்தது எது?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். நீ கொடுத்துவிட்ட கருப்பட்டியில் ஒரு வட்டு மிச்சம் இருந்தது. சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போனேன். ஆறவைத்து, பஞ்சை அதில் நனைத்து நாக்கில் வைத்ததும் அவள் உதடு மெதுவாகச் சப்புக்கொட்டியது, மக்கா. கண் திறக்கவில்லை. ஆனால் இன்னும் வேண்டும் என்று வாய் தேடியது. அந்த நர்ஸ் அடுத்த ஷிப்டுக்காரிக்கு எழுதி வைத்த குறிப்பில் 'கருப்பட்டிக் காப்பி, பிளாஸ்க்கில்' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். அப்படிப்பட்ட இடத்தைக் கைவிட்ட இடம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இந்த முறையைத் தொடங்கிவைத்த அம்மையாரைப் பற்றி அங்கே இருந்த நாட்களில்தான் வாசித்தேன். சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், அப்புறம் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர். அந்த வேலையில் இருந்தபோதுதான் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதரைச் சந்தித்தார். புற்றுநோய் முற்றிய நிலை, ஊரில் உறவென்று யாரும் இல்லை. சாகிறவர்களுக்கு என்று ஓர் இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசியே பொழுதைக் கழித்திருக்கிறார்கள். 1948இல் அவர் இறக்கும்போது 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதி வைத்தார், நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. அந்த ஒரு ஜன்னலுக்கு வீடு கட்ட சாண்டர்ஸுக்கு 19 வருஷம் ஆயிற்று. அதற்காகவே முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். 1967இல் தென் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. 2005இல் அவர் கண்மூடியதும் அதே கட்டிடத்தில்தான்.

இங்கே ஹாஸ்பிஸில் நோயாளியிடம் ஒரு காசு வாங்குவதில்லை. அரசாங்கம் கொடுப்பது சராசரியாக மூன்றில் ஒரு பங்கு செலவுக்குத்தான் வரும். மற்றதெல்லாம் ஜனங்கள் கொடுப்பது, உயிலில் எழுதி வைப்பது, பழைய துணியும் புத்தகமும் விற்கும் கடைகளில் வருவது. நான் சனிக்கிழமைதோறும் அப்படி ஒரு கடையில் துணி பிரிக்கிறேன். போன மாதம் ஒரு பையைத் திறந்தால் உள்ளே அரக்கு நிறப் பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல், நாப்தலின் வாசத்தோடு. நம் ஆட்கள் வீட்டில் யாரோ இறந்துபோயிருக்கிறார்கள். நெடுநேரம் அதை மேசையிலேயே வைத்திருந்தேன்.

டிசம்பரில் ஹாஸ்பிஸ் தோட்டத்து மரத்தில் விளக்கு ஏற்றுவார்கள். இறந்துபோனவர் பெயரில் நம்மால் முடிந்ததைக் கொடுத்தால் அவருக்காக ஒரு விளக்கு எரியும், பெயரையும் வாசிப்பார்கள். எந்த மதத்தாரும் வரலாம். போன வருஷம் நெற்றியில் திருநீறோடு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் எனக்குப் பக்கத்தில் நின்றது. நாலரை மணிக்கே கும்மிருட்டு, பல் கிட்டும் குளிர். பெயர் வாசிக்கும் அம்மா இரண்டு நாள் முன்பே எனக்குப் போன் செய்து, என் மனைவி பெயரில் இருக்கும் 'ழி'யைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பத்து நிமிஷம் பழகினார். அன்று இரவு அந்தப் பெயர் சரியாக வந்து விழுந்தபோது, அவள் போன பிறகு முதல் முறையாக நான் சத்தம் போட்டு அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அதற்குத்தானே வந்திருந்தோம்.

சரி, அண்ணன் விஷயம். மார்ஃபின் என்றால் கதை முடிந்தது என்று மதினி பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். நானும் பயந்தேன். டாக்டர் அளவு பார்த்து, நேரம் தவறாமல் கொடுத்தால் அது உயிரைக் குடிக்காது, வலிக்கு எடுக்கும்போது பொதுவாகப் போதைக்கும் அடிமையாக்காது. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து கொடுப்பார்கள். இதை மதினியிடம் உட்கார்ந்து சொல். நம் நாட்டில் 1985 போதைமருந்துச் சட்டத்தால் இந்த மருந்து கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது, 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இப்படி வலி தணித்துப் பார்த்துக்கொள்ளும் ஆதரவு சிகிச்சை தருவதும் உண்டு. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேள். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பேலியம் இந்தியா என்ற ஆதரவு சிகிச்சை அமைப்பு இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து எவ்வளவு தூரம்? கடைசி வாரம் வரட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே. நாங்கள் அப்படி இருந்துதான் மூன்று மாதத்தை வலிக்குக் கொடுத்தோம்.

இந்த வருஷம் விளக்கு ஏற்றுவது டிசம்பர் 7, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. உனக்கு ராத்திரி பத்தரை. முழித்திருந்தால் வீடியோவில் கூப்பிடுகிறேன், அண்ணனும் பார்க்கட்டும். இரண்டு விளக்குக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்று அவளுக்கு. இன்னொன்று உன் அம்மாவுக்கு. இந்த வாரம் திருக்கார்த்திகை இல்லையா, பனையோலையில் கொழுக்கட்டை அவித்து, "அந்தப் பய ஹாஸ்டல்ல என்னத்தைத் தின்பான்" என்று எனக்கென்று தூக்குச் சட்டியில் தனியாகக் கொடுத்துவிட்ட கையை நான் எப்படி மறப்பேன்?

ஹாஸ்பிஸில் பெயர்களை எழுதி வைக்கும் புத்தகத்தில் உன் அம்மா பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார்கள். பேனாவை வாங்கி நானே தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்