பீரங்கிக்காரன் கட்டிய கோயில்

அன்புள்ள சாமு,

நீ அனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்தது. ஓலைப்பெட்டியின் ஒரு பக்கம் எறும்பு ஏறியிருந்தது, தட்டிவிட்டுச் சாப்பிடுகிறோம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பஸ் நம்பர் இப்போது தூரத்திலேயே தெரிகிறது. வீட்டு மூலையில் உள்ள ஒட்டடையும் தெரிகிறது, அதுதான் தொல்லை.

கண் தெளிந்த உற்சாகத்தில் போன சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு இங்கே சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனேன். நாற்பது வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் கோயிலில் நான் கால் வைத்ததில்லை. சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் என்று அதைச் சொல்கிறார்கள். வாசலிலேயே பேத்தி கேட்டாள்: "இதை யார் கட்டினது, தாத்தா?" அங்கேதான் சிக்கல்.

கட்ட வைத்தவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. அன்றைய ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர். அதுவரை கோட்டைக்குள் ஓர் அறையில்தான் ஆராதனை நடந்துவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணத்துக்குக் காத்திராமல் ஊரில் இருந்த ஆங்கிலேயர்களிடமே வசூல் செய்து வேலையைத் தொடங்கிவிட்டார். அஸ்திவாரம் போட்ட நாள் 1678 மார்ச் 25, தேவதூதன் மரியாளுக்குச் செய்தி சொன்ன திருநாள். பெயர் அதனால் வந்தது என்கிறார்கள். 1680 அக்டோபர் 28-இல் பிரதிஷ்டை. அடுத்த வாரமே, நவம்பர் 4-இல், பின்னாளில் இங்கே ஆளுநரான எலிஹு யேல் அங்கே கல்யாணம் செய்துகொண்டார். பதிவேட்டின் முதல் திருமணம் அது. ஆனால் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் யார்? சிலர் எட்வர்ட் ஃபவுல் என்கிறார்கள், சிலர் வில்லியம் டிக்சன் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே கோட்டையின் பீரங்கிக்காரர்கள்!

உள்ளே போய்ப் பார்த்தபின் இந்த வழக்கில் எனக்கு அக்கறை போய்விட்டது. யாராக இருந்தால் என்ன, தொழில் தெரிகிறது. சுவர் நான்கு அடி கனம். மேலே உத்தரம் கிடையாது, ஓடு கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல வளைத்த கூரை. கதவு ஜன்னல் தவிர மரமே இல்லை. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. வெடிமருந்துக் கிடங்கு கட்டிப் பழகிய கை அது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெளியே அவ்வளவு வெயில், சுவர் மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது.

பலிபீடத்துக்கு மேலே இயேசுவின் கடைசி இராப்போஜனப் படம் ஒன்று இருக்கிறது. அதற்கும் தகப்பன் பெயர் தெரியாது. 1761-இல் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளாக வந்தது என்கிறார்கள். ரஃபேலின் கை பட்டது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய படம் எதைக் கண்டாலும் யாராவது ரஃபேலை இழுத்துவிடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருக்குக் கம்பெனி வைத்த பளிங்கு நினைவுச் சின்னமும் அங்கே இருக்கிறது. பார்த்ததும் உன் நினைவு வந்தது. பாளையங்கோட்டையில் 1785-இல் அவர் பிரதிஷ்டை செய்த பாப்பாத்தி அம்மாள் கோயிலுக்கு இந்தக் குழப்பமே இல்லை, பார். கட்டியவள் குளோரிந்தா என்று ஊருக்கே தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வெளியேதான். கோயிலைச் சுற்றித் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். லத்தீன், போர்ச்சுகீசியம், அர்மீனியம் என்று பல மொழிகள். ஒரு கல் எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. கணவர் ஆரன் பேக்கர் இங்கே தலைவராகப் பொறுப்பேற்க வந்தபோது, 1652-இல், வழியில் கப்பலிலேயே இறந்துபோனவள். கோயிலைவிட அவள் கல் 28 வருடம் மூத்தது. அதெப்படி என்று யோசிக்கிறாயா?

கற்கள் அந்த இடத்துக்கு உரியவையே அல்ல. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பக்கம், கொய்யாத் தோப்பு என்று பெயர் பெற்ற இடத்தில் இருந்தது. 1758 கடைசியில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தச் சமாதிகளை மறைவாக வைத்துக்கொண்டு சுட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் ஆங்கிலேயர்கள் சமாதிகளை இடித்துவிட்டு, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு விட்டார்களா? 1782-இல் ஹைதர் அலி பயம் வந்தபோது அதே கற்களைப் பெயர்த்துப் பீரங்கிகளை ஏற்றி வைக்கப் பயன்படுத்தினார்கள். பிறகு திரும்பப் பதித்தார்கள். சில கற்களில் விளிம்பு உடைந்து எழுத்து பாதியில் நிற்கிறது. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் யேலின் குழந்தை டேவிட் கிடக்கும் சமாதி இடிபடாமல் தப்பியிருக்கிறது.

பேத்தி ஒரு கல்லின் ஓரத்தில் நின்றுகொண்டு, "கீழே ஆள் இருக்கிறாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, கல் இங்கே, ஆள் கொய்யாத் தோப்பில் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் திரும்பும்போது ஒரு கல்லையும் மிதிக்காமல் இடுக்கு இடுக்காகக் கால் வைத்தே நடந்தாள். நானும் அப்படியே போகப் பார்த்தேன். என் பாதத்துக்கு அந்த இடுக்கு போதவில்லை.

டிசம்பரில் மகள் வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, அப்போது சேர்ந்து போவோம். லத்தீன் கல்லை உன்னைவிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். கல்லூரியில் இரண்டு வருடம் படித்தது வீணாகக் கூடாது. அடையாள அட்டை எடுத்து வா, கோட்டை வாசலில் கேட்பார்கள்.

உன்,
கணேசன்