ஸ்டாண்ட்பை கார்டுக்கும் ஒரு ராத்திரி ஒதுக்குங்க

சேஞ்ச் அப்ரூவல் கமிட்டி சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். நைட் ஷிஃப்ட் நாக் ரூம்ல இருந்து, அதாவது நெட்வொர்க்க ராப்பகலா கண்காணிக்கற ரூம்ல இருந்து எழுதறேன். போன வியாழன் ராத்திரி என்ன ஆச்சுன்னு ரிப்போர்ட்ல படிச்சிருப்பீங்க, "ஹார்டுவேர் ஃபெயிலியர்"னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. ரௌட்டர் பெட்டிய நடத்தற ஆக்டிவ் கார்டு செத்தது உண்மைதான். ஆனா அதே பெட்டில ஸ்டாண்ட்பைன்னு இன்னொரு கார்டு இருந்துச்சே, அது எதுக்கு இருக்கு?

ரெண்டு மாசம் முன்னாடி ஸ்டாண்ட்பை கார்டு ரிப்பேராகி மாத்தினோம், வந்த கார்டுல பழைய சாஃப்ட்வேர் வெர்ஷன். ரெண்டு கார்டுலயும் ஒரே இமேஜ், அதாவது ஒரே சாஃப்ட்வேர் இல்லன்னா எஸ்எஸ்ஓ (ஒண்ணு செத்தா இன்னொண்ணு விட்ட இடத்துல இருந்து எடுத்துக்கற ஏற்பாடு) நிக்காது, பெட்டி ஆர்பிஆர்க்கு (அரைத் தூக்கத்துல இருந்து எழுந்து வர்ற ஏற்பாடு) இறங்கிடும், "ஸ்டாண்ட்பை ஹாட்"னு வர வேண்டிய இடத்துல "கோல்டு"ன்னு காட்டும். அன்னிக்கே டிக்கெட் போட்டேன். இமேஜ் காப்பி பண்ணி ஸ்டாண்ட்பைய மட்டும் ரீலோட் பண்ணிட்டு ஒரு தடவை ஸ்விட்ச்ஓவர் பண்ணி, அதாவது ஆக்டிவ்ல இருந்து ஸ்டாண்ட்பைக்கு மாத்திப் பாக்கணும், ஒரு மணி நேரம் போதும்னு. மூணு தடவை ரிஜெக்ட். "சர்வீஸ் பாதிப்பு எதுவும் இல்லை, அவசியம் இல்லை." அப்ப இல்லதான் சார்.

வியாழன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆக்டிவ் போச்சு. ஹாட்டா இருந்திருந்தா லைனெல்லாம் சொருகியிருக்கற லைன் கார்டு அசையாம ட்ராஃபிக் ஓடியிருக்கும். கோல்டுங்கறதால லைன் கார்டெல்லாம் ரீபூட், மத்த நெட்வொர்க்கோட வழி கேட்டு வாங்கற பிஜிபி முதல்ல இருந்து, ஒம்போது லட்சத்துக்கு மேல ரூட்டு திரும்ப ஏறணும். பெட்டிக்குள்ள நேரா பாக்கற கன்சோல் கேபிளும் செத்த கார்டுல மட்டும்தான் சொருகியிருந்துச்சு. அதனால உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய ஒரே வழி அந்த சைட் செக்யூரிட்டி அண்ணன். அறுபது வயசுக்கு மேல, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டார், போன் டார்ச்ச அடிச்சு கார்டு லைட்டப் பாத்துக்கிட்டு "தம்பி, ஒண்ணு பச்ச, ஒண்ணு மஞ்ச மாதிரி இருக்கு, இல்ல அதுவும் பச்ச தானோ"ங்கறார், இந்தப் பக்கம் எஸ்கலேஷன் கால்ல இருபது பேர் "ஸ்டேட்டஸ் என்ன"ங்கறாங்க. அவர் கண்ண நம்பித்தான் அன்னிக்கு நம்ம நெட்வொர்க் இருந்துச்சு. பெட்டி எழுந்து வந்தும் சில கஸ்டமர் வரல, ஏன்னா கோல்டுல இருந்தா சேவ் பண்ணி வச்ச ஸ்டார்ட்அப் கான்ஃபிக் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும், பகல் டீம் போட்டுட்டு சேவ் பண்ணாம விட்டது அத்தனையும் காணோம்.

மொத்தம் 19 நிமிஷம் சர்வீஸ் இல்ல. நம்ம ப்ரோஷர்ல போட்டிருக்கற 99.99 சதவீதத்துக்கு வருஷத்துக்கே சுமார் 52 நிமிஷம்தான் டவுன்டைம் கணக்கு. ஆடிட் ஷீட்ல "ரிடன்டன்சி உண்டு"ன்னு டிக் இருக்கு, ஸ்டெப்னி இருக்கான்னு பாத்தாச்சு, காத்து இருக்கான்னுதான் யாரும் பாக்கல. பிஜிபி திரும்ப கிளம்பினாலும் ட்ராஃபிக் நிக்காம பாத்துக்கற கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டுக்கு 2007லயே ஆர்எஃப்சி (இன்டர்நெட் ஸ்டாண்டர்டு) வந்தாச்சு, நம்ம சேஞ்ச் கேலண்டர்லதான் இன்னும் அதுக்கு இடம் வரல. மாசக் கடைசி ஃப்ரீஸ் (எதையும் தொடக் கூடாது), பண்டிகை ஃப்ரீஸ், ஆடிட் ஃப்ரீஸ், அதுக்கு நடுவுல நல்ல நேரம் பாக்க ஜோசியர்கிட்டதான் போகணும்.

மன்னிக்கணும், கோவத்துல எழுதிட்டேன். கேக்கறது ஒண்ணுதான். கார்டு மாத்தினா அதே வாரத்துல வெர்ஷன் சரி பண்ணி ஸ்விட்ச்ஓவர் டெஸ்ட் பண்ண ஒரு மணி நேரம் விண்டோ. இன்னிக்கும் நாலு பெட்டில "கோல்டு"ன்னுதான் காட்டுது, நாலுக்கும் டிக்கெட் உங்க க்யூவுலயே இருக்கு. தயவுசெஞ்சு வர்ற செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல எடுங்க. ராத்திரி எத்தனை மணின்னாலும் நான் வந்து பண்றேன், அந்த அண்ணன மட்டும் இன்னொரு தடவை எழுப்ப வச்சிடாதீங்க.