போர்ச்சுகலின் லாகோஸ் நகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2009-ல் உங்கள் ஊரின் பழைய மதிலுக்கு வெளியே நிலத்தடி வாகன நிறுத்தம் கட்டப் பள்ளம் தோண்டியபோது 158 மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுக்காகவே தமிழ்நாட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

அந்த இடம் இடுகாடு அல்ல. ஊரார் குப்பை கொட்டிய இடம். 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை, உடைந்த பாண்டங்களோடும் விலங்கு எலும்புகளோடும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அங்கே எறிந்திருக்கிறார்கள். சிலர் கட்டப்பட்ட நிலையிலேயே புதைந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. பலருடைய முன்பற்கள் அவர்கள் பிறந்த மண்ணின் வழக்கப்படி அராவப்பட்டிருந்தன. எல்லாம் பறிபோன பிறகும் ஊர் அடையாளம் பல்லில் தங்கியிருந்தது.

அவர்களைப் போன்றவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை உங்கள் நாட்டு அரசவை வரலாற்றாசிரியர் சுராராவே எழுதி வைத்திருக்கிறார். 1444 ஆகஸ்ட் 8 அதிகாலையில், மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய மொரிட்டானியக் கரையோரம் பிடிக்கப்பட்ட 235 பேரைப் போர்த்துக்கீசியத் தலைவர் லான்சரோத்தின் கப்பல்கள் உங்கள் துறையில் இறக்கின. ஊர் வாசலை ஒட்டிய வெளியில் அவர்களைப் பங்கு பிரித்தார்கள். சிலர் தலை கவிழ்ந்து அழுதார்கள். சிலர் முகத்தில் அறைந்துகொண்டார்கள். சிலர் தங்கள் நாட்டு முறையில் ஒப்பாரி வைத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை அணைத்துத் தரையில் விழுந்து, தங்கள் மேல் விழும் அடியைப் பொருட்படுத்தாமல் அவர்களை மறைத்துக்கொண்டார்கள். குதிரைமேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த போர்ச்சுகல் இளவரசர் ஹென்றிக்கு ஐந்தில் ஒரு பங்காக 46 பேர் போனார்கள். ஹென்றியைப் போற்றி எழுதிய மனிதரின் பேனாவே இதை மறைக்க முடியவில்லை. பிறகு 1455-ல் போப்பின் ஆணை இந்த வணிகத்துக்கு ஆசியும் வழங்கியது.

அட்லாண்டிக் வழியே கடத்தப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் ஏறத்தாழ 58 லட்சம் பேர் போர்ச்சுகல், பிரேசில் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள். எங்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் போர்த்துக்கீசிய வணிகர்கள் அடிமைகளை ஏற்றிச் சென்றதுண்டு. எனவே இந்த வழக்கில் நாங்கள் முற்றிலும் அயலார் அல்லர்.

அடிமைச் சந்தை என்று அறியப்படும் பழைய கட்டடத்தை நீங்கள் அருங்காட்சியகமாக்கியிருக்கிறீர்கள். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எலும்புகள் கிடந்த மண்ணில் வாகன நிறுத்தமும், அதன்மேல் சிறு கோல்ஃப் விளையாட்டுத் திடலும் அமைந்துவிட்டன. ஹென்றிக்கோ நகரின் நடுச் சதுக்கத்தில் 1960 முதல் சிலை இருக்கிறது. அவரைச் சிலையில் நினைவுகூரும் ஊர், அவர் வளர்த்த வணிகத்தில் மாண்டவர்கள் கிடந்த இடத்தில் விளையாட்டை அனுமதிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டிய வாகன நிறுத்தத்தை இடிக்கச் சொல்லவில்லை. விளையாட்டுத் திடலை மட்டுமாவது வேறிடத்துக்கு மாற்றுங்கள். அந்த நிலத்தை நினைவிடமாக அறிவியுங்கள். 158 என்ற எண்ணையும், 1444-ஐயும், அவர்கள் வீசப்பட்ட விதத்தையும் வருவோர் அனைவரும் படிக்கும்படி எழுதி வையுங்கள்.

ஆய்வுக்காக கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட எலும்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை நிறைய சொல்லியிருக்கின்றன; ஆய்வாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஆய்வுக்கு ஒரு முடிவு வேண்டும். நாதியற்ற பிணத்துக்கும் ஊர் கூடி ஒரு பிடி மண் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். 1515-ல் மன்னர் மானுவேல், லிஸ்பனில் நாய்கள் தின்னக் கிடந்த அடிமைகளின் உடல்களை எறிய ஒரு குழி வெட்டி, அவ்வப்போது சுண்ணாம்பு போடச் சொன்னார். அந்தப் பிணங்கள் நாறக் கூடாது என்பதே அவருடைய கவலை. இந்த 158 பேருக்காவது முறையான அடக்கம் கிடைக்கட்டும்.

அடக்கம் எப்படி, எந்தச் சடங்கோடு, எந்த மண்ணில் என்பதை நீங்கள் மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். போர்ச்சுகலில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்தவர்களையும், அந்தக் கரையோர நாடுகளின் பிரதிநிதிகளையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேதியை இந்த ஆண்டுக்குள் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வரலாற்று வாசகர்