நுண்குழலில் ஓடும் அலை

அன்புள்ள கலா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி நீ போட்டோ அனுப்பினால் நரைமுடியை எண்ணிச் சொல்வாள், ஜாக்கிரதை. மணிமாறன் வந்திருந்தான். அதே வாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் பிஎச்டி செய்யும் பையன் உங்கள் உயிரியல் செல்லின் நுண்குழலுக்குள், அதாவது செல்லுக்குச் சட்டம்போல நிற்கும் மைக்ரோட்யூபுலுக்குள், இறங்கிவிட்டான். 25 நானோமீட்டர் விட்டம், பெரும்பாலும் 13 இழை, 8 நானோமீட்டர் நீள டியூபுலின் புரத ஜோடிகள்: இதெல்லாம் உனக்குப் பாலபாடம். அந்த ஜோடி ஒவ்வொன்றையும் மின் இருமுனையாக (ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸ்) வைத்து, 1993இல் சதாரிச், துஷின்ஸ்கி, ஜகுலா மூவரும் ஒரு நேரிலாச் சமன்பாடு எழுதினார்கள். அதன் தீர்வு ஒரு கிங்க். குழலின் ஒரு பகுதியில் இருமுனைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்த பகுதியில் எதிர்ப்பக்கம். நடுவிலுள்ள எல்லை மட்டும் வடிவம் குலையாமல் நகர்ந்துகொண்டே போகும். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஜிடிபி உடையும்போது வரும் ஆற்றலை இது சுமக்கலாம் என்றார்கள்.

சுற்றியுள்ள நீரின் உராய்வைச் சேர்த்தால் சாதாரண அலை அடங்கிப்போகும். இது அடங்குவதில்லை! குழல் நெடுக மின்புலம் தள்ளுகிறது, உராய்வு இழுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகும் ஒரே வேகத்தில் கிங்க் ஓடுகிறது. புலத்தைச் சொன்னால் வேகம் தானாக வந்துவிழும். கரும்பலகையில் அந்த வரி வந்ததும் பையன் சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

அப்புறம்தான் எனக்குக் கவலை பிடித்தது. இந்தத் துறைக் கட்டுரைகளைப் புரட்டினால், கணினியில் ஒரு யூக வடிவத்தைப் போட்டுத் தீர்வுகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சில தீர்வுகள் முடிவிலிக்கு ஓடுகின்றன. டியூபுலின் முடிவிலிக்குச் சாயுமா, சொல்! சில, ஒரே தீர்வுக்கு வேறு வேறு வேஷம். லேசாகத் தட்டினால் நிலைக்குமா என்று பலர் பார்ப்பதே இல்லை. டேவிடோவ் 1973இல் புரதத்துக்குச் சொன்ன சாலிட்டான், அதாவது வடிவம் குலையாமல் ஓடும் தனி அலை, உடல் வெப்பத்தில் தாங்குமா என்று எத்தனை வருஷம் சண்டை நடந்தது! அந்தக் கேள்வியைக் கேட்காமல் இவன் பட்டம் வாங்கிவிடக் கூடாது, கலா. கெட்டிக்காரப் பையன்.

அதனால் உன் உதவி வேண்டும். உங்கள் லேபில் டியூபுலினோடு புழங்குகிறவர்களிடம் கேள்: செல்லுக்குள் குழல் நெடுக எவ்வளவு மின்புலம் இருக்கும் என்று நம்பலாம்? தோராயமாகச் சொன்னாலும் போதும், வேகத்தை நாங்கள் போட்டுவிடுவோம். தீபாவளி லீவில் பையனை அங்கே அனுப்புகிறேன். சாப்பாடு போட்டு, நன்றாகக் குடைந்து கேள்வி கேட்டு அனுப்பு.

அன்புடன்,
வசந்தி