சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் ஆகாது

ஆசிரியருக்கு,

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைப் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். 1620இல் டென்மார்க் நாட்டினர் தம் வணிகத் தளமாக எழுப்பிய இந்த டான்ஸ்போர்க் கோட்டை, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டது. இத்தகைய சுவரில் சிமென்ட் பூசுவது பெருங்கேடு. உப்புக் காற்றால் சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் செங்கல் வழியே வெளியேறுகிறது. உப்பு அங்கேயே உறைந்து படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உதிர்க்கிறது. நம் கடலோரப் பழங்கட்டடங்கள் பலவற்றில் சிமென்ட் ஒட்டு அப்படியே நிற்க, அதைச் சுற்றியுள்ள செங்கல் பொடிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, சிமென்ட் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். செங்கற்களுக்கு இடையிலுள்ள பழைய காரையை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, நன்னீரால் கழுவி, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்குக்கு ஆற்றுமணல் 3 பங்கு சேர்த்த காரையால் அடைக்கலாம். அருகில் கிடைக்கிறதே என்று கடல்மணலைச் சேர்த்தால் உப்பையும் சேர்த்தே பூசுவதாகும். பூசிய இடத்தை ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரமேனும் காக்க வேண்டும். வெயிலில் விரைந்து காய்ந்தால் காரை வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களிலேயே இப்பணியை மேற்கொள்ளத் தொல்லியல் துறை ஆவன செய்ய வேண்டும்.

வாசகர், பொறையாறு