தோல்விக்குப் பரிசா, மச்சான்?

சான் ஹோசே
மே 2024

அன்புள்ள மச்சான்,

எங்கள் ஐஸ் ஹாக்கி அணி ஷார்க்ஸுக்கு டிராஃப்ட் லாட்டரி அடித்ததற்கு, அதாவது புது இளம் ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை குலுக்கலில் கிடைத்ததற்கு, நீ அனுப்பிய வாழ்த்து கிடைத்தது. உங்கள் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்றில், பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் ஓவர்டைமில் தோற்று மூன்றே நாள் ஆகியிருந்தது. அந்த வேதனையிலும் எனக்கு எழுத உனக்கு மனசு வந்ததே! வீட்டில் எல்லோரும் நலம். அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். சின்னவன் எப்போது லீவு விடுவார்கள் என்று நச்சரிக்கிறான்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கடைசியில் வரும் அணிக்குத்தான் குலுக்கலில் வாய்ப்பு அதிகம், அதனால் ஒரு வருஷம் அடிவாங்கினாலும் கடைசியில் லாபம்தானே என்று கேட்டிருந்தாய். யார் வாங்கிய அடி, யாருக்கு லாபம்?

இந்தச் சீசனில் 82 ஆட்டத்தில் 19 வெற்றி, 47 புள்ளி, 32 அணிகளில் கடைசி. உனக்கு இந்தக் கணக்கு தெரியும். எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அக்டோபர் 14, கொலராடோவுடன் நடந்த ஆட்டம். நம் கோல் காவலர் மெக்கென்சி பிளாக்வுட் 51 ஷாட்டைத் தடுத்தார். கால் காப்பில் ஒன்று, கையுறையில் ஒன்று, தோளில் ஒன்று என்று பக், அந்த ரப்பர் வட்டு, வந்துகொண்டே இருக்கிறது. மனுஷன் விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். ஷூட்டவுட்டில் 2-1 என்று தோற்றோம்; அப்படித் தோற்றால் ஒரு புள்ளி உண்டு. முதல் 11 ஆட்டத்தில் கிடைத்த ஒரே புள்ளி அதுதான்.

நவம்பர் 2-ம் தேதி சொந்த மைதானத்திலேயே வான்கூவரிடம் 10-1. இரண்டே நாளில் பிட்ஸ்பர்க்கிடம் 10-2. அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தில் பத்துப் பத்து கோல் வாங்கிய அணி 1965-க்குப் பிறகு என்.எச்.எல் என்ற இந்த வட அமெரிக்க ஹாக்கி லீக்கில் இதுதான். பிட்ஸ்பர்க் ஆட்டத்துக்குச் சின்னவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எதிரணியில் எரிக் கார்ல்சன். முந்தின சீசனில் நம் சட்டையில் 101 புள்ளி எடுத்து, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை வாங்கியவர், ஆகஸ்டில்தான் கைமாற்றினார்கள். "அவரை ஏம்ப்பா அனுப்பிட்டாங்க?" என்று பையன் கேட்டான். சம்பள வரம்பு, நீண்ட ஒப்பந்தம், வயசு என்று சொல்லிப் பார்த்தேன். எட்டாவது கோல் விழும்போது அதெல்லாம் ஒரு குழந்தைக்கு எப்படி மண்டையில் ஏறும்?

நவம்பர் 7-ல் பிலடெல்பியாவை 2-1 என்று ஜெயித்தபோது, கடைசி நிமிடங்களை நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தோம். கோப்பையே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஷார்க்ஸின் ஜெனரல் மேனேஜர் மைக் கிரியர் கணக்குப் போட்டுத்தான் செய்தார், அதை நான் குறை சொல்லவில்லை. நட்சத்திர ஆட்டக்காரர்கள் பர்ன்ஸ் போனார், மையர் போனார், கார்ல்சன் போனார். 2019-க்குப் பிறகு பிளேஆஃபையே பார்க்காத அணியை அப்படியே வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் ஐஸில் இறங்குகிற எவனும் தோற்க இறங்குவதில்லை, மச்சான். கேப்டன் லோகன் கூட்யூர் காயத்தோடு போராடி, திரும்பி வந்து ஆடியது வெறும் ஆறு ஆட்டம். மார்ச்சில் டோமாஷ் ஹெர்ட்லையும் அனுப்பிவிட்டார்கள், அதுவும் நம் போட்டி அணி வேகஸுக்கு! 19 வயசில் ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டு, அதில் ஒன்றை மட்டையைக் கால்களுக்கு நடுவே விட்டு அடித்தானே, அந்தப் பையன். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. நாளைக்கு இந்த அணி ஜெயிக்கும்போது, இந்த அடியை வாங்கியவர்களில் எத்தனை பேர் இங்கே இருப்பார்கள்?

இவ்வளவு தோற்றும் முதல் இடம் நிச்சயமில்லை, 25.5 சதவீத வாய்ப்புதான். 2020-ல் டெட்ராய்ட் 71 ஆட்டத்தில் 39 புள்ளியோடு கடைசியில் கிடந்தது. குலுக்கலில் கிடைத்ததோ நாலாவது இடம். உங்கள் கதையையே எடுத்துக்கொள். 2015-16-ல் 69 புள்ளியோடு கடைசி, லாட்டரியில் ஆஸ்டன் மேத்யூஸ். இந்த வருஷம் அவர் மட்டும் 69 கோல் போட்டார். ஆனாலும் முதல் சுற்றோடு வெளியே. அந்தச் சீசனுக்கு முன்னால் நீங்கள் அனுப்பிவிட்ட ஃபில் கெஸல் பிட்ஸ்பர்க்குப் போய் இரண்டு கோப்பை தூக்கினார். அப்படியிருக்க, லாபம் என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய்?

இதற்காக எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. மே 7 ராத்திரி முடிவைச் சொன்னதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மெக்லின் செலெப்ரினியைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 17 வயசு, கல்லூரி ஹாக்கியின் ஹோபி பேக்கர் விருதை இவ்வளவு சின்ன வயசில் வாங்கியவர் வேறு யாருமில்லை. அவன் அப்பா இங்கே வாரியர்ஸ் கூடைப்பந்து அணியில் வேலை பார்க்கிறார். பையன் கொஞ்ச காலம் இங்கேயே ஜூனியர் ஷார்க்ஸில் ஆடியிருக்கிறான். சின்னவன் இப்போதே அவன் பெயர் போட்ட சட்டை வேண்டும் என்கிறான். டிராஃப்ட் ஜூன் 28-ல் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த சீசனில் லீஃப்ஸ் இங்கே ஆட வரும்போது நீயும் குடும்பத்தோடு வா. டிக்கெட் என் பொறுப்பு. அட்டவணை வந்ததும் தேதி சொல்கிறேன், அதற்குள் ஆபீஸில் லீவு சொல்லி வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்